டிரைவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள்!

இரவு மணி மூன்று.

நாகபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஓடுகிறது. லாரி நிறைய சேலத்து ஜவ்வரிசி மூட்டைகள். சேலத்தை விட்டுக் கிளம்பி, ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் வந்தாகிவிட்டது.

திடீரென்று டிரைவரின் கை நடுங்குகிறது. உடம்பெல்லாம் வியர்க்கிறது. கண்ணுக்கு முன்னால் சாலை மங்கலாகத் தெரிகிறது.

அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இரவு மாத்திரை போட்டுக்கொண்டார். ஆனால் சாப்பிடவில்லை. "விடிவதற்குள் சரக்கை இறக்க வேண்டும். அங்கே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று நினைத்தார்.

பக்கத்தில் பேச்சுத் துணைக்குக் கிளீனர் கூட இல்லை. இப்போது பல லாரிகளில் டிரைவர் ஒருவர்தான்.

அவர் என்ன செய்வார்? முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வார். ஒரு பீடியைப் பற்ற வைப்பார். "எல்லாம் அசதி" என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் வண்டியை எடுப்பார்.

அது அசதி அல்ல! இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. இன்னும் சிறிது நேரத்தில் அவர் நினைவு இழக்கக்கூடும். அப்போது அந்த லாரி எங்கே போகும்? எதிரே வருகிற பஸ்ஸில் எத்தனை பேர் தூங்கிக்கொண்டு இருப்பார்கள்?

இந்த டிரைவர் நாம் கற்பனை செய்தவர். ஆனால் அவருடைய நோய் கற்பனை அல்ல. அவருடைய பசியும் கற்பனை அல்ல.

ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய சட்டைப் பையில் ஒரு செல்போன் இருக்கிறது. அதன் வழியாக ஒரு டாக்டரிடம் பேச முடியும். முதல் நாள் மாலையே பேசி இருந்தால், இந்த ஆபத்து வந்தே இராது.

ஏன் பேசவில்லை? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நம் வீட்டு அடுப்பும் அவர் லாரியும்

காலையில் நம் வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்தக் கேஸை டேங்கர் லாரி கொண்டுவந்தது. குழம்பில் போட்ட வெங்காயம் மராட்டிய மாநிலத்தில் இருந்து லாரியில் வந்திருக்கலாம். நம் ஊர் முட்டையும் ஜவுளியும் ஜவ்வரிசியும் லாரி ஏறித்தான் வெளியூர் போகின்றன.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். காசுமீரத்தில் சீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறதே, 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை! அது நாமக்கல்லின் வழியாகத்தான் போகிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நாகபுரியும் ஜான்சியும் ஆக்ராவும் அப்பா போய்விட்டு வரும் ஊர்கள்.

அப்பா வீட்டுக்கு வருவது மாதத்தில் சில நாள். மற்ற நாளெல்லாம் அவருக்கு லாரிதான் வீடு.

உட்கார்ந்தே ஓடும் பிழைப்பு

லாரி ஓடுகிறது. ஆனால் டிரைவர் உட்கார்ந்தே இருக்கிறார். நாள் முழுவதும் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும். வயிறு பெருக்கும். கிடைத்த நேரத்தில் கிடைத்ததைச் சாப்பிட வேண்டும். பரோட்டா, எண்ணெய்ப் பண்டம், உப்பு மிகுந்த குழம்பு! சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வருவதற்கு இதைவிட நல்ல அழைப்பு வேறு இல்லை.

வழியில் வண்டியை நிறுத்த இடம் இல்லை என்று சிறுநீரை அடக்குகிறார். அடிக்கடி இறங்க வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்கிறார். கல்லடைப்பு வந்து துடிக்கிறார்.

இரவில் விழிக்கிறார். பகலில் சூட்டிலும் இரைச்சலிலும் அரைத் தூக்கம் தூங்குகிறார். தூக்கம் வராமல் இருக்கப் புகையிலையை வாயில் அடக்குகிறார்.

இவற்றில் எதுவும் ஒரே நாளில் கொல்லும் நோய் அல்ல. ஆரம்பத்தில் கவனித்தால் மாத்திரையிலும் பத்தியத்திலும் அடங்கிவிடும். கவனிக்காவிட்டால் கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், மாரடைப்பில் கொண்டுபோய் விடும்.

டயருக்குக் காற்று, டிரைவருக்கு?

வழியில் வண்டி நின்றால் டிரைவர் முதலில் என்ன செய்கிறார்? இரும்புக் கம்பியை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்க்கிறார். காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். ஆனால் அவருடைய இரத்த அழுத்தத்தை யார் பார்க்கிறார்கள்?

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. லாரி புதிதாக இருக்கும்போது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எப்.சி. எடுக்க வேண்டும். லாரிக்கு எட்டு வயது ஆகிவிட்டால் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். டிரைவருக்கோ, லைசென்சைப் புதுப்பிக்கும்போதுதான் டாக்டர் சான்று கேட்கிறார்கள். அது ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை!

இரும்புக்கு ஓர் ஆண்டு. இரத்தத்துக்கு ஐந்து ஆண்டா?

ஆஸ்பத்திரி இருக்கிறது; அவரால் போக முடியவில்லை

"நாட்டில் ஆஸ்பத்திரி இல்லையா? போய்க் காட்ட வேண்டியதுதானே!" என்று நாம் சொல்லிவிடலாம்.

ஆஸ்பத்திரி ஊருக்குள் இருக்கிறது. லாரி ஊருக்கு வெளியே நிற்கிறது. பல நகரங்களில் பகல் நேரத்தில் கனரக வண்டி உள்ளே போகக் கூடாது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுவது காலையில். அந்த நேரத்தில் அவர் நடு வழியில் இருப்பார், அல்லது சரக்கு இறக்கிக்கொண்டு இருப்பார்.

லாரியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. தார்ப்பாயை அறுத்துச் சரக்கைத் திருடிவிட்டால் யார் பதில் சொல்லுவது? டீசலைத் திருடுகிறவனும் இருக்கிறான்.

எல்லாவற்றையும் தாண்டிப் போனாலும், வடநாட்டு டாக்டரிடம் என்ன மொழியில் பேசுவது? "நெஞ்சு வலிக்கிறது" என்பதைக் கையைக் காட்டிச் சொல்லிவிடலாம். "நெஞ்சு கரிக்கிறது", "நெஞ்சை அடைக்கிறது", "நெஞ்சு படபடக்கிறது" என்பதைக் கையால் எப்படிச் சொல்லுவது? மூன்றும் மூன்று விதமான தொல்லை அல்லவா?

தமிழ்நாட்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்று ஒரு திட்டம் உண்டு. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம். ஆனால் மாத்திரை வீட்டுக்கு வரும்போது டிரைவர் வீட்டில் இல்லையே!

ஆகவே, அவர் இருக்கும் இடத்துக்கு டாக்டரின் குரலாவது போக வேண்டும்.

கப்பலுக்குப் போன வைத்தியம்

இது புதிய யோசனை அல்ல.

1905-ம் ஆண்டிலேயே ஆலந்து நாட்டில் ஐந்தோவன் என்ற அறிஞர் ஒரு வேலை செய்தார். ஆஸ்பத்திரியில் ஒருவர் இருந்தார். அவருடைய இதயத் துடிப்பின் மின் அலையை டெலிபோன் கம்பி வழியாக அனுப்பி, ஒன்றரை கிலோ மீட்டருக்கு அப்பால் தம் ஆராய்ச்சிக் கூடத்தில் பதிவு செய்தார்.

1935-ல் இத்தாலியின் தலைநகரான ரோமில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. குவிதோ குவிதா என்ற டாக்டர் அதைத் தொடங்கினார். வானொலித் தந்தியால் புகழ் பெற்ற மார்க்கோனி அதன் முதல் தலைவர்.

அங்கே என்ன வேலை? நடுக்கடலில் கப்பலில் ஒரு மாலுமிக்கு உடம்பு சரி இல்லாமல் போகும். கப்பலில் டாக்டர் இருக்க மாட்டார். கப்பலில் இருந்து கம்பி இல்லாத் தந்தியில் செய்தி வரும். டாக்டர்கள் அதைக் கேட்டு, "இந்த மருந்து கொடு, இப்படிப் படுக்க வை" என்று பதில் அனுப்புவார்கள். எந்த நாட்டுக் கப்பல் என்று கேட்பது இல்லை, கட்டணமும் இல்லை.

கடலில் போகிறவருக்கு அன்றே கிடைத்த வைத்தியம், தரையில் போகிறவருக்கு இன்று கிடைக்கக் கூடாதா? லாரி டிரைவர் தரைக் கடலில் போகும் மாலுமிதானே!

வழி திறந்துவிட்டது

கொரோனாக் காலம் நமக்குத் துன்பம் தந்தது. ஒரு கதவையும் திறந்துவிட்டது.

2020 மார்ச் 25-ந் தேதி இந்திய அரசாங்கம் தொலை மருத்துவத்துக்கு விதிமுறைகளை வெளியிட்டது. பதிவு பெற்ற டாக்டர் போனிலோ, வீடியோவிலோ நோயாளியிடம் பேசி ஆலோசனை சொல்லலாம். மருந்துச் சீட்டும் அனுப்பலாம். அந்தச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும்.

அதில் டிரைவருக்குப் பயன்படும் விதி ஒன்று உண்டு. ஒரு டாக்டர் இந்தியாவில் எந்த மூலையில் இருக்கும் நோயாளிக்கும் இப்படி ஆலோசனை சொல்லலாம். நாகபுரியில் நிற்கும் டிரைவர், நாமக்கல்லில் இருக்கும் டாக்டரிடம் தமிழிலேயே பேசலாம்! மொழிச் சுவர் விழுந்துவிட்டது.

2020 ஏப்ரல் 13-ந் தேதி, வீட்டில் இருந்தபடியே டாக்டரிடம் பேசும் "இ-சஞ்சீவனி" சேவையை அரசாங்கம் தொடங்கியது. இதற்குக் கட்டணம் இல்லை. செல்போன் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். டோக்கன் கிடைக்கும். முறை வந்ததும் டாக்டர் வருவார். மருந்துச் சீட்டு போனுக்கே வந்து சேரும். 2023 பிப்ரவரிக்குள் இ-சஞ்சீவனியில் நடந்த ஆலோசனைகள் 10 கோடியைத் தாண்டிவிட்டன.

போன் டாக்டருக்குக் கண் இல்லை

போனில் எல்லாம் முடியுமா? முடியாது. அதையும் சொல்ல வேண்டும்.

போன் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாது. நாடியைத் தொட முடியாது. அவருக்கு நாம்தான் கண்ணும் கையும். அதனால் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று: "நான் லாரி ஓட்டுகிறேன்" என்று முதலில் சொல்ல வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் சில, தூக்கத்தை வரவழைக்கும். வீட்டில் இருப்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடிப்பவருக்கு அது எமன். டாக்டருக்குத் தெரிந்தால் வேறு மருந்து எழுதுவார்.

இரண்டு: கணக்குச் சொல்ல வேண்டும். "தலை கிறுகிறுக்கிறது" என்றால் டாக்டர் தடுமாறுவார். "இரத்த அழுத்தம் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு" என்று சொன்னால் அவர் முடிவு செய்வார். சாப்பிடும் மாத்திரை அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

மூன்று: வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். ஓட்டிக்கொண்டே டாக்டரிடம் பேசுவது, நோயைவிடப் பெரிய ஆபத்து.

நெஞ்சு வலி வந்தாலோ, வாய் கோணினாலோ, கை கால் இழுத்தாலோ போனில் வைத்தியம் கேட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. வண்டியை நிறுத்திவிட்டு 108 அல்லது 112-க்குப் போன் செய்ய வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உண்டு. தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நினைக்கவே கூடாது.

சர்க்கரை இறங்கி நடுக்கம் வந்தால், உடனே சர்க்கரையோ, குளுக்கோசோ, இனிப்பான பானமோ சாப்பிட வேண்டும். பிறகு ஆகாரம் சாப்பிட வேண்டும். உடம்பு சரியாகி முக்கால் மணி நேரமாவது ஆன பிறகுதான் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டும். சர்க்கரை நோய் உள்ள டிரைவரின் பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும்.

யார் கொடுப்பது அந்த அரை மணியை?

டாக்டர் இருக்கிறார். போன் இருக்கிறது. சட்டமும் இடம் கொடுக்கிறது. பிறகு என்ன குறை?

நேரம்தான் குறை!

டோக்கன் போட்டுக் காத்திருந்து, பேசி, மருந்துச் சீட்டு வாங்குவதற்கு ஓர் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியை டிரைவரால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நடைக்கு இவ்வளவு என்றுதான் பலருக்குக் கூலி. வண்டி நின்றால் வரும்படி நிற்கும். வண்டி நிற்பது ஜி.பி.எஸ். கருவியில் தெரிந்ததும், "ஏன் நிற்கிறாய்?" என்று போன் வரும்.

அரை மணி நேர ஓய்வு என்பது நாம் புதிதாகக் கேட்பது அல்ல. 1961-ல் பாராளுமன்றம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. வண்டிகள் தங்கும் இடங்களில் வைத்திய வசதி பற்றியும் சொல்லிற்று. ஐந்து பேருக்கு மேல் அல்லது ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்த டிரைவருக்கு அதுவும் இல்லை.

2020-ல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்தச் சட்டம் சேர்க்கப்பட்டது. 2025 நவம்பர் 21-ந் தேதி அது அமலுக்கு வந்தது. குறிப்பிட்ட தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்பதும் அதில் இருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறலாம். உடம்பு கேட்கும் அரை மணி நேரம் மாறாது.

முதலாளியும் நம்மவர்தான்

லாரி முதலாளிகளைக் குறை சொல்லுவது நம் நோக்கம் அல்ல. அவர்களிலும் பலர் ஒரு காலத்தில் ஸ்டீயரிங் பிடித்தவர்கள். வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். டீசல், சுங்கச்சாவடிக் கட்டணம், டயர் என்று செலவு தலைக்கு மேல் போகிறது. சரக்கு தாமதமாகப் போனால் வாடகையில் பிடித்துக்கொள்ளுகிறார்கள்.

ஆனால் முதலாளிகள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி தாமதத்தால் வரும் நட்டம் எவ்வளவு? லாரி கவிழ்ந்தால் வரும் நட்டம் எவ்வளவு? போன சரக்கு வரும்; உடைந்த லாரியும் எழுந்து நிற்கும். போன உயிர் வருமா?

அவர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. லாரி செட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும், சர்க்கரை பார்க்கும் கருவியும் வாங்கி வைக்கலாம். ஒரு புது லாரி டயரின் விலையில் இரண்டையும் வாங்கி, மீதிப் பணமும் இருக்கும்! லோடு ஏற்றும் நேரத்தில் டிரைவர் தாமே பார்த்துக்கொள்ளலாம். "மருத்துவ அரை மணி" என்று ஒன்றை ஒப்புக்கொண்டு, அதற்குக் கூலியில் கை வைக்காமல் இருக்க வேண்டும். சரக்கு அனுப்பும் கம்பெனிகளும் அந்த அரை மணியைக் கணக்கில் சேர்த்தே நேரம் குறிக்க வேண்டும்.

அரசாங்கமும் சில காரியங்கள் செய்ய வேண்டும். லாரிகள் தங்கும் இடங்களிலும் சுங்கச்சாவடிகளிலும் இந்தக் கருவிகளோடு ஒரு நர்சு இருக்கட்டும். அவர் அளந்து சொல்ல, தொலைவில் இருக்கும் டாக்டர் மருந்து எழுதட்டும். மாலையிலும் இரவிலும் டிரைவர்களுக்கு என்று டாக்டர்கள் இருக்கட்டும். அவரவர் மொழியில் பேசட்டும்.

புதிதாகத் தயாராகும் பெரிய லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. விபத்தில் அடிபட்டவரை முதல் 48 மணி நேரத்தில் காப்பாற்ற, தமிழ்நாட்டில் 2021-ல் "இன்னுயிர் காப்போம்" திட்டம் வந்தது. இவை வரவேற்க வேண்டியவை. அடிபட்ட பிறகு காப்பாற்றுகிறோம். அடிபடும் முன்பே காப்பாற்ற வேண்டாமா?

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை!

உங்கள் வீட்டுக்காரரோ, அண்ணனோ, மகனோ லாரி ஓட்டுகிறாரா? அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது அவருடைய போனில் இ-சஞ்சீவனியைப் பதிவு செய்து கொடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளை செய்து கொடுக்கும். மாத்திரை பெயர்களை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

ராத்திரி அவர் போனில் பேசும்போது, "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறீர்கள். அதோடு இன்னொன்றும் கேளுங்கள். "சாப்பிட்டீர்களா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போட்டீர்கள்?" இதைக் கேட்பதற்கு டாக்டர் படிப்பு வேண்டியது இல்லை.

மறுபடியும் அந்த நாகபுரிச் சாலைக்குப் போவோம். இப்போது முதல் நாள் மாலை ஆறு மணி. ஒரு பெட்ரோல் பங்கில் அந்த லாரி நிற்கிறது. டிரைவர் போனில் டாக்டரிடம் பேசுகிறார். "சாப்பிடாமல் இந்த மாத்திரையைப் போடக் கூடாது. முதலில் சாப்பிடுங்கள்" என்கிறார் டாக்டர். அவர் தாபாவில் உட்கார்ந்து நான்கு சப்பாத்தி சாப்பிடுகிறார். மாத்திரை போடுகிறார். சிறிது நேரம் காலை நீட்டிப் படுக்கிறார். பிறகு வண்டியை எடுக்கிறார்.

விடிந்ததும் ஜவ்வரிசி போய்ச் சேருகிறது. அரை மணி தாமதம்.

ஆனால் டிரைவரும் போய்ச் சேருகிறார்!